வேலைக்குப் போய்க்கொண்டே தவக்காலத்தில் தினமும் ஜெபம், தியானம் செய்வது எப்படி?

கேள்வி இது: "வேலைக்குப் போகிறேன், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தவக்காலமும் தினமும் ஜெபம், தியானம் என்று ஆரம்பிக்கிறேன். இரண்டாவது வாரம் தாண்டுவதில்லை. உங்களுக்கு எது கைகொடுக்கிறது?"

ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலத்தில் எனக்குக் கைகொடுப்பது ஒரு நோட்டு. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் என் நிலவரம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில், மிஷன் வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவது. காலையில் சோறு வடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். இந்த வீட்டில் இருந்துகொண்டு தினமும் காலைப் பூசை, முழு ஜெபமாலை, இரவில் சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு இடங்களாகத் தியானிக்கும் ஜெபம்) என்று நேர்ந்துகொண்டால் அது நிற்காது. தினமும் பூசைக்குப் போக முடிகிறவர்கள் கட்டாயம் போங்கள், அதற்கு மேலானது ஒன்றும் இல்லை. முடியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதைப் படிப்பது, எங்கே ஆரம்பிப்பது என்று நாம் தேடவே வேண்டாம். அந்தந்த நாள் திருப்பலியில், அதாவது பூசையில், படிக்கிற பைபிள் வாசகங்களைத் திருச்சபையே வகுத்து வைத்திருக்கிறது. பங்குக் கோயில் காலண்டரில் இருக்கும், போனிலும் கிடைக்கும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்து வாரநாட்களில் முதல் வாசகம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மாறும். தவக்கால வாரநாட்களுக்கு அப்படி இல்லை. வருடா வருடம் அதே நாளுக்கு அதே வாசகம்தான். இரண்டாம் வாரம் வியாழன் என்றால் பணக்காரரும் லாசரும் உவமை. அந்தச் சனிக்கிழமை ஊதாரி மைந்தன். இது தெரிந்த பிறகுதான் எனக்கு நோட்டு யோசனை வந்தது.

பக்கத்துக்கு மேலே தேதி போட மாட்டேன். "தவக்காலம், மூன்றாம் வாரம், செவ்வாய்" என்று நாளைத்தான் எழுதுவேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அன்று இரவு அதில் ஒரு வரி, ஓரத்தில் வருடம். அடுத்த தவக்காலத்தில் அதே பக்கத்தில், போன வருட வரிக்குக் கீழே இந்த வருடத்து வரி. ஒரே வசனத்தின் முன்னால் ஒவ்வொரு வருடமும் நான் எப்படி நின்றேன் என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கும். தவக்காலத்தைப் பாதியில் விட்டுவிடாமல் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். நாளைய பக்கத்தில் போன வருடம் என்ன எழுதினேன் என்று பார்க்கும் ஆசையிலேயே காலையில் எழுந்துவிடுகிறேன்.

நாள் எப்படிப் போகும் என்றால், காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் வீட்டு ஜெபப் பீடத்துக்கு முன் நின்று சிலுவை அடையாளம் போட்டு, நற்செய்தியை மட்டும் வாய்விட்டு இரண்டு தடவை படிப்பேன். மனதில் தைக்கிற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வேன். இனிக்கிற வாக்கியம் வேண்டாம், உறுத்துகிற வாக்கியமாக எடுங்கள் என்று எங்கள் பங்குச்சாமி சொல்வார், அது சரியான யோசனை. பஸ் ஏறியதும் போன் பைக்குள் போய்விடும். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வரைக்கும் அந்த ஒரு வாக்கியம்தான். உட்கார இடம் கிடைத்தாலும் சரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி. அப்புறம் அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுவேன். தவளக்குப்பம் வந்த பிறகு பேச்சையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பேன். வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு கடவுள் முன்னால் அமைதி என்ற இந்த நான்கு படிகளையும் 12-ஆம் நூற்றாண்டிலேயே கூய்கோ என்ற கர்த்தூசியன் சபைத் துறவி எழுதி வைத்திருக்கிறார். மடத்துத் துறவிகளுக்காக எழுதியதுதான், ஆனாலும் கடலூர் பஸ்ஸில் அது நன்றாகவே நடக்கிறது.

இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் நோட்டை எடுப்பேன். அந்த வாக்கியம் இன்று எங்கே என்னைத் தொட்டது, எங்கே நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன் என்று பார்த்து ஒரு வரி. புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனையின் எளிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றியில் தொடங்கி நாளைத் திரும்பிப் பார்ப்பதுதான் அவர் காட்டிய வழி.

அந்த மூன்றாம் வாரச் செவ்வாய் பக்கத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அன்றைய நற்செய்தி மத்தேயு 18: மன்னிக்காத பணியாளன் உவமை. எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று பேதுரு கேட்பதில் தொடங்கும். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு அந்தத் தொகைகள் மேலேயே கண் போகும். தாலந்தும் தெனாரியமும் அந்தக் காலத்துப் பண அளவுகள். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அரசரிடம் அவன் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. எந்த ஜென்மத்திலும் அடைக்க முடியாதது. அது மொத்தமும் தள்ளுபடியாகிறது. வெளியே வந்து அவன் கழுத்தைப் பிடிக்கிற சக பணியாளன் தர வேண்டியது 100 தெனாரியம்.

பிரசங்கங்களில் இந்த 100 தெனாரியத்தை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் கூலி, ஏழைக்கு மூன்று நாலு மாதச் சாப்பாடு. கடன் நிஜம், அவனுக்கு ஏற்பட்ட நட்டமும் நிஜம். அது ஒன்றுமில்லை என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. உள்ளே உனக்குத் தள்ளிவிட்டது எவ்வளவு என்றுதான் கேட்கிறார். இப்படிப் படித்தபோதுதான் எனக்கு அந்த உவமைக்குள் நுழையவே முடிந்தது.

ஏனென்றால் எனக்கும் ஒரு நூறு தெனாரியம் வர வேண்டியிருந்தது. உறவில் ஒருவருக்கு அவசரம் என்று என் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தேன். வரவில்லை. வட்டியும் நானே கட்டி, நானே மீட்டேன். நோட்டில் முதல் வருடம் அந்தப் பக்கத்தில் இருப்பது: "அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்க வாய் வரவில்லை." அடுத்தது: "கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பெயரைச் சொன்னேன்." அதற்கடுத்தது: "அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். மொய் எழுதினேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்." போன தவக்காலத்தில்: "பணம் ஞாபகமே இல்லை. வாசகம் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது." ஆண்டவர் எனக்குள் செய்த வேலை அது. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நடந்ததே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அடுத்து நோன்பு. ஜெபத்தைத் தனியாகப் பிரித்துப் பேசவே முடியாது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நற்செய்தியிலேயே, மத்தேயு 6-ல், தர்மம், ஜெபம், நோன்பு மூன்றும் ஒன்றாக வருகின்றன, மூன்றையும் மறைவில் செய்யச் சொல்லி. சட்டம் எளிமையானது: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது, அது 14 வயது நிறைந்த எல்லோருக்கும். புனித சூசையப்பர் பெருவிழா, மார்ச் 19, வெள்ளியில் வந்தால் அன்றைக்கு விலக்கு. நோயாளிகள், கர்ப்பிணிகள் உடம்பை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் மாமனார் ஒருசந்தி இருக்கிறேன் என்று பிடிவாதம் பிடிப்பார், நான் விடுவதில்லை.

ஆனால் கடலூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் கறி இல்லாத வெள்ளி என்றால் முதுநகர் மீன்தான். என் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்: "கறியை விட்டுட்டு வஞ்சிரம் வாங்கி வறுக்கறதுக்கு ஒருசந்தின்னு பேர் வைக்காதடி. கஞ்சி வை. மிச்சமான காசு யாருக்குன்னு யோசி." அம்மா சொன்னதேதான் சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி வாசகம், எசாயா 58. பசித்தவர்களோடு உணவைப் பகிர்வதுதான் நான் விரும்பும் நோன்பு என்கிறார் ஆண்டவர். அதனால் தவக்கால வெள்ளிகளில் எங்கள் வீட்டில் கஞ்சியும் துவையலும். மீன் வாங்கும் காசு கோயிலில் தரும் தவக்கால உண்டியலுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கை மகன் கையால், தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அரிசியாகக் கொடுக்கிறோம். அந்த வெள்ளியின் பக்கத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. எவ்வளவு கொடுத்தோம் என்பதை மட்டும் எழுதக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சம்பா கோயிலுக்குள் போவேன். 1791-ல் கட்டி முடித்த கோயில், கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். கூட்டத்தோடு சிலுவைப்பாதை செய்வது நல்லது. நேரம் ஒத்துவராவிட்டால் நான் தனியாகவே பதினான்கு ஸ்தலங்களையும் சுற்றி வருவேன். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி, எங்கள் பேரில் தயவாயிரும்" என்று சின்ன வயதில் கேட்ட பழைய ஜெபம்தான் இன்றும் வாயில் வரும். ஸ்தலங்கள் பதினான்கு என்று 1731-ல் திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் நிலைப்படுத்தினார். எல்லாவற்றிலும் ஒரே அளவு நேரம் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் ஐந்தாவதில் அதிக நேரம் நிற்பேன், சிரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்கிற இடம். அவர் தானாக முன்வரவில்லை. வெளியூரிலிருந்து தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்துகிறார்கள். மாற்கு அவரை அலெக்சாந்தர், ரூபு இருவருக்கும் தந்தை என்று பிள்ளைகள் பெயரோடு குறிப்பிடுகிறார். பிள்ளைகள் பெயர் வரை சபைக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அன்றைக்கு வேண்டாவெறுப்பாகச் சுமந்தது அந்தக் குடும்பத்தையே எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். நாமாகத் தேடிப் போகாத சுமைகள் வீட்டில் எத்தனை இருக்கின்றன! படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்த ஸ்தலத்தில் நின்று பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களை நோட்டு எழுதச் சொல்லாதீர்கள், வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் போன வருடக் குருத்து ஞாயிறன்று கோயிலில் வாங்கிய குருத்தோலைச் சிலுவை இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் காய்ந்து வெளிறிப்போய் இருக்கும், தொட்டால் முனை பொடியாக உதிரும். சாம்பல் புதனுக்கு முன்னால் அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பது மகனின் வேலை. நெற்றியில் பூசுகிற சாம்பல் தான் கொடுத்த ஓலையிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே அந்த வாரம் முழுவதும் போனது. குடும்ப ஜெபத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜெபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க மறையுண்மைகளில் ஒன்றை அவன் சொல்வான். அது போதும்.

நாள் விட்டுப்போனால்? பக்கம் காலியாக இருக்கட்டும். சேர்த்து வைத்து ஞாயிறன்று நாலு நாள் வாசகம் படிக்காதீர்கள், அப்படிச் செய்கிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் களைத்து நிறுத்துகிறார்கள். அன்றைய நாளிலிருந்து தொடருங்கள். என் நோட்டில் மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுவதும் காலி. அடுத்த வருடம் அந்தப் பக்கங்கள் நிரம்பின. ஏதாவது ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கும்) நேரம் ஒதுக்குங்கள், குருத்து ஞாயிறு நெருங்கிவிட்டால் வரிசை நீளமாக இருக்கும்.

இன்னொரு விஷயம் தெரிந்துகொண்டால் உதவும். நான்காம் வாரம் திங்கள் முதல் வாரநாள் நற்செய்தி பெரும்பாலும் யோவான்தான். அதுவரை வந்த உவமைகள் போல உடனே பிடிபடாது, வாக்குவாதமாகப் போகும். அங்கே முழுப் பகுதியையும் புரிந்துகொள்ளப் போராட வேண்டாம், இயேசு தம்மைப் பற்றிச் சொல்கிற ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வாரத் திங்களுக்கு முதல் வாசகம் தானியேல் 13, சூசன்னாவின் கதை. பொய்ச்சாட்சிக்கு நடுவில் தனியாக நிற்கிற பெண் கடவுளைக் கூப்பிடுகிறாள். மிக நீளமான வாசகம், பெண்கள் அவசியம் முழுதாகப் படிக்க வேண்டியது. அதை ஞாயிறு இரவே படித்துவிடுங்கள், காலைப் பரபரப்பில் முடியாது.