தாத்தாவின் மூன்று ரூபாய்களும் நாணயக் கடையின் சொற்களும்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 1912, 1944, 1947 ஆகிய ஆண்டுகளின் ஒரு ரூபாய் நாணயங்கள் கிடைத்தன. நாணயக் கடைக்காரர் "விஎஃப்", "மின்ட் மார்க்", "கழுவிய காசு" என்று ஏதேதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடுமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். விலை கூடாது, குறையும். அப்படிக் குறைந்ததை எந்த வழியிலும் மீட்க முடியாது. கடைக்காரர் "கழுவிய காசு" என்றது இதைத்தான். அச்சு ஓங்கி அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை விட்டுச் செல்கிறது. புதிய நாணயத்தை விளக்கொளியில் மெல்லச் சாய்த்தால், சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளி சுழன்று ஓடுவது இந்தக் கோடுகளால்தான். இதை அச்சொளி அல்லது "லஸ்டர்" என்கிறோம். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும், சாம்பல் கீறல்களை உண்டாக்கும். பிறகு காசு பளபளக்கும், ஆனால் அந்த ஒளி சுழலாது; பழகிய கண் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேல் படியும் கருமை "டோனிங்" எனப்படும். அது அழுக்கு அன்று, நாணயத்தின் இயல்பான மேற்பரப்பு கலையாமல் இருப்பதற்கான சான்று.

"விஎஃப்" (வெரி ஃபைன்) என்பது தேய்மானத்தின் தரநிலை, அதாவது கிரேடு. புழக்கத்துக்கே போகாதது "யுஎன்சி" (அன்சர்குலேட்டட்). அதற்குக் கீழே "எக்ஸ்எஃப்" (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), "விஎஃப்", "ஃபைன்", "விஜி" (வெரி குட்), "குட்" என்று வரிசை இறங்குகிறது. இங்கே "குட்" என்றால் நல்லது என்று பொருள் கொள்ளக் கூடாது. உருவத்தின் வெளிக்கோடு மட்டுமே எஞ்சிய, மிகவும் தேய்ந்த காசு அது. முதலில் தேய்வது மேடான இடங்கள் என்பதால், 1912 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் கிரீடத்தையும் அங்கியின் பூவேலையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். "ப்ரூஃப்" என்பதைப் பலர் உயர்ந்த கிரேடு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது, மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளர்களுக்கெனத் தனியாக அடிக்கும் முறை.

அந்த அங்கியிலேயே "வெரைட்டி" என்ற சொல்லுக்கும் விளக்கம் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது, நாணயமும் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் 1912 ரூபாயில் திருத்தப்பட்ட யானை இருக்கும். ஒரே மதிப்புடைய நாணயங்களுக்குள் அச்சில் நேரும் இத்தகைய வேறுபாடே "வெரைட்டி". 1911-க்கு ஆர்வலர்கள் கூடுதலாகக் கொடுப்பதும் இதனால்தான்.

"மின்ட் மார்க்" என்பது எந்த அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் ஆலையில், அடிக்கப்பட்டது என்பதற்கான சிறு குறி. 1912, 1944 ஆகிய இரண்டிலும் ஆண்டு பொறித்த பக்கத்தில், கீழேயுள்ள தாமரைக்கு அடியில் தேடுங்கள். 1912-இல் புள்ளி இருந்தால் பம்பாய், எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. 1944-இல் "எல்" என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால், அது லாகூரில் பிறந்த காசு. இன்றைய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே வைரவடிவம் மும்பையையும், நட்சத்திரம் ஐதராபாத்தையும், வட்டப்புள்ளி நொய்டாவையும் காட்டும். கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது.

உலோக மதிப்பு வேறு, சேகரிப்பு மதிப்பு வேறு. 1912 ரூபாய் 11.66 கிராம் எடையில் 91.7 சதவீத வெள்ளி. போர்க்காலத்து 1944 ரூபாய் அதே எடையில் பாதியே வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். புலி உருவம் பொறித்த 1947 ரூபாயோ முழுக்க நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும், மற்ற இரண்டும் ஒட்டக் கூடாது. 1912, 1944 என்று பொறித்திருந்தும் காந்தத்தில் ஒட்டினால் அது போலி.

நாணயங்களைப் பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏறும் என்பதால், பிவிசி கலக்காத உறைகளைக் கேட்டு வாங்குங்கள். 1912 நாணயம் நூறாண்டைக் கடந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே வெளிநாட்டு வாங்குபவர் எவரேனும் நல்ல விலை சொன்னாலும் அனுப்பிவிடாதீர்கள்.