ஸ்போ11 நீக்கியும் காமா-எச்2ஏஎக்ஸ் ஒளிர்வது ஏன்?

ஒடுக்கற்பிரிவில் டிஎன்ஏவை முறிக்கும் புரதமான ஸ்போ11-ஐ நீக்கிய சுண்டெலியின் விந்துத் தாய்செல்களில், டிஎன்ஏ முறிவைக் காட்டும் குறியான காமா-எச்2ஏஎக்ஸ் ஒளிர்கிறது, நீக்கம் தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கட்டத்தில், எங்கே ஒளிர்கிறது என்று பாருங்கள். ஒடுக்கற்பிரிவின் தொடக்கக் கட்டமான லெப்டோட்டீனில் உட்கரு முழுக்கப் பரவியிருந்தால்தான் சந்தேகம். அடுத்த கட்டமான சைகோட்டீன் போன்ற செல்லில் ஒரே திட்டாக இருந்தால் அது போலிப் பால்உடலம்: இணையாத குரோமோசோம் பகுதியில் ஏடிஆர் நொதி இடும் குறி. பெயர்தான் அப்படி; உண்மையான பால்உடலத்தில் இருக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் பெரும்பாலும் இதில் இருக்காது.

உறுதிசெய்ய டிஎம்சி1 (முறிவில் அமரும் புரதம்), எஸ்ஒய்சிபி3 (குரோமோசோம் அச்சுப் புரதம்) இரண்டுக்கும் சேர்த்துச் சாயமிடுங்கள். இயல்பான செல்லில் லெப்டோட்டீன் முடிவில் 200-300 டிஎம்சி1 புள்ளிகள் வரும். உங்களுடையதில் ஏறக்குறைய ஒன்றும் இருக்கக்கூடாது. குரோமோசோம்கள் ஒட்டிய இடத்தைக் காட்டும் எஸ்ஒய்சிபி1 புரதம் துண்டுதுண்டாகத் தெரிந்தால் ஏமாறாதீர்கள். முறிவு இல்லையென்றால் ஜோடி தேடும் ஒற்றை இழையும் இல்லை. ஒத்திராத குரோமோசோம்கள்தான் ஒட்டிக்கொள்ளும். சி. எலிகன்ஸ் புழுவோடு ஒப்பிட வேண்டாம், அது முறிவின்றியே சரியாக இணைசேரும்.