கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? ஒரு வழக்கறிஞரின் கேள்வி பதில்

போதைப்பொருள் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் நான். கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கின் விவரத்தை மட்டும் பொதுவில் எழுதாதீர்கள்.

சேலம் வாசகர்: கனடாவில் கடையிலேயே கஞ்சா கிடைக்கிறது. இங்கே ஏன் தடை?

இங்கேயும் 1985 வரை பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகள் இருந்தன. அந்த ஆண்டு வந்த என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் அவற்றை மூடியது. அதிலும், பூவும் காயும் சேராத இலை 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது. அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கும் கடை காசியில் இன்றும் இருப்பது அதனால்தான்.

கோவை வாசகர்: எத்தனை கிராம் வரை வைத்திருக்கலாம்?

ஒரு கிராம்கூடக் கூடாது. ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்பது தண்டனைக் கணக்கு, அனுமதி அல்ல. அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு.

மதுரை வாசகர்: போர்ச்சுகல் எல்லாப் போதையையும் சட்டபூர்வமாக்கிவிட்டதே?

இல்லை. குற்றநீக்கம் வேறு, சட்டபூர்வமாக்கல் வேறு. 2001 ஜூலை முதல் அங்கே பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவர் மீது குற்ற வழக்கு கிடையாது. ஆனால் பொருளைப் பறிமுதல் செய்து, ஆளை ஒரு குழுவின் முன் நிறுத்துவார்கள். அடிமையாகிவிட்டவரைச் சிகிச்சைப் பக்கம் திருப்புவதுதான் அந்தக் குழுவின் வேலை. விற்பவனுக்குச் சிறைதான். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2021இல் தண்டனையை எடுத்தது, சிகிச்சை வசதி பின்தங்கியது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். தண்டனையை எடுக்கும் நாளில் படுக்கையும் மருத்துவரும் தயாராக இருக்க வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: கல்லூரியில் படிக்கும் மகன் கஞ்சா பிடிக்கிறான். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் போலீசில் சிக்குவானா?

பயப்படாதீர்கள் அம்மா. சிகிச்சைக்குப் போவது குற்றமில்லை. சிறிய அளவுக்காக வழக்கே வந்தாலும், அடிமையாகிவிட்டவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாக்கிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மருத்துவமனைச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இந்தப் பிரிவு பல ஆண்டுகளாக இருக்கிறது, பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஈரோடு வாசகர்: 200 கிராம் வைத்திருந்தால்?

கோவைக்காரருக்குச் சொன்னதுதான். கூடாது.

நெல்லை வாசகர்: டாஸ்மாக்கை அரசே நடத்துகிறது. கஞ்சா மதுவைவிட மோசமா?

மோசம் என்று சொல்லவில்லை. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் மது குடிப்போர் சுமார் 16 கோடி, கஞ்சா வகைகளை எடுப்போர் சுமார் 3 கோடி. கைக்கெட்டும் தூரத்தில் கடை இருப்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

நெல்லை: தடையால் யார் நிறுத்தினார்கள்? ஜெயில்தான் நிரம்பியது.

அதில் உங்கள் பக்கம்தான் நான். புகைத்தவனைச் சிறையில் போட்டால், வெளியே வரும்போது படிப்பும் வேலையும் போயிருக்கும். ஆனால் கடை திறந்தால் அரசு வருமானத்துக்குப் பழகிவிடும். 2003இல் சில்லறை மதுவைக் கையில் எடுத்த அரசால் இன்றுவரை விட முடிந்ததா?

தஞ்சை வாசகர்: குறுக்கிடுகிறேன். பிடிப்பவனை விட்டுவிட்டு விற்பதைத் தடுத்தால் கடத்தல்காரனுக்குத்தானே லாபம்?

நியாயமான கேள்வி. போர்ச்சுகல் வழியிலும் சரக்கு கள்ளச்சந்தையிலிருந்துதான் வருகிறது, தரம் பார்க்க ஆளில்லை. கடை வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான். என்னிடம் முழுப் பதில் இல்லை. இருந்தாலும் பத்தொன்பது வயதுப் பையன் ஜெயிலுக்குப் போவதை முதலில் நிறுத்துவோம் என்கிறேன்.

நெல்லை: சரி, அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

கரூர் வாசகர்: அரை கிலோ வரை பரவாயில்லையா?

கூடாது ஐயா. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.