நின்ற இடத்தில் மூச்சு வாங்கும் என்ஜின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நுவரெலியா வாசகர்: எனது 1994ஆம் ஆண்டு பெற்றோல் கார் கொழும்பில் ஐட்லிங்கில் (எக்ஸலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் நிலையில்) சீராக ஓடுகிறது. மலையேறி வீட்டுக்கு வந்ததும் நடுங்குகிறது. சில வேளைகளில் நின்றும் விடுகிறது. உயரம்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. உங்கள் ஊர் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஐட்லிங்கில் என்ஜினுக்குக் காற்று விடும் ஐட்லிங் வால்வு அதே அளவு திறந்திருந்தால் அதன் வழியே போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும் என்பதால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர் வால்வை மேலும் திறந்து ஈடுசெய்யப் பார்க்கும். வால்வில் கரி படிந்திருந்தால் கொழும்பிலேயே அது ஏறக்குறைய முழுதாகத் திறந்துதான் சமாளித்துக்கொண்டிருக்கும். மலையில் மேலும் திறக்க அதற்கு இடமிருக்காது. என்ஜினுக்குக் காற்று நுழையும் த்ரொட்டில் பொடியைக் கழற்றிப் பாருங்கள். அதனுள் காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டான பட்டர்ஃபிளையின் விளிம்பைச் சுற்றி, விரலில் ஒட்டும் கறுப்புப் பிசின் வளையமாகப் படிந்திருக்கும். அதையும் வால்வின் துவாரத்தையும் கிளீனர் இட்டு மென்மையான பிரஷால் துடைத்தெடுங்கள். பட்டர்ஃபிளையைத் தாங்கும் சிறு ஸ்க்ரூவை மட்டும் தயவுசெய்து திருப்ப வேண்டாம். அதைத் திருப்பினால், எக்ஸலேட்டரில் இருந்து கால் எடுக்கப்பட்டுவிட்டது என்பதே கம்பியூட்டருக்குத் தெரியாமல் போகலாம்; அப்படிக் கெட்ட கார்களைத் திருத்துவதுதான் எனக்கு மிகவும் சிரமமான வேலை.

ஹட்டன் வாசகர்: என்ஜின் சூடானதும் ரேஸ் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 1,000க்கும் 1,800க்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த சென்சர்கள் இரண்டை மாற்றியும் பயனில்லை.

சென்சர் வாங்குவதற்கு முன் ரேடியேட்டரைப் பார்த்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்கள் பலவற்றில், குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் காற்று விடும் மெழுகு வால்வு ஒன்று த்ரொட்டில் பொடியின் அடியில் இருக்கும். சூடான தண்ணீர் அதனூடாக ஓடினால்தான் அது மூடும். தண்ணீர் குறைந்து அந்த இடத்தில் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் வால்வு திறந்தபடியே இருக்க, ரேஸ் ஏறும். கால் எடுத்த நிலையில் ரேஸ் ஒரு வரம்பைத் தாண்டியதும், கார் கினிகத்தேனை இறக்கத்தில் உருண்டு போவதாகக் கருதிக் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்துகிறது. ரேஸ் விழுந்ததும் மீண்டும் விடுகிறது. நீங்கள் காணும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இதுதான்.

என்ஜின் முழுதாக ஆறிய பின்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை நிரப்பி, மூடாமல் ஓடவிட்டுக் குமிழிகள் அடங்கும்வரை மேலும் ஊற்றுங்கள். மூடியின் ரப்பரையும் பாருங்கள். மலையில் தண்ணீர் சமவெளியைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் (நுவரெலியாவில் சுமார் 94 பாகையில்) என்பதால், அழுத்தம் பிடிக்காத மூடி இங்கே தண்ணீரை விரைவில் இழக்கச் செய்யும். வழியில் ஓடைத் தண்ணீர் ஊற்றுவது அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும். அதனால் வரும் துருவே மெழுகு வால்வுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குறுகிய குழாய்களை அடைக்கிறது.

இதற்குப் பின்பும் ரேஸ் ஆடினால், எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. துணி சுற்றிய குறட்டால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ரேஸ் அடங்குகிறதோ, காற்று அதன் வழியே போகிறது. தண்ணீர்ச் சூட்டு சென்சரையும் மீற்றரால் அளக்கலாம்: பல ஜப்பானியக் கார்களில் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம், 80 பாகையில் 300 ஓம் அளவில் காட்டும். சூடான பின்பும் ஆயிரக்கணக்கில் காட்டினால், என்ஜின் இன்னும் குளிராக இருப்பதாகவே கம்பியூட்டர் நம்பிக்கொண்டிருக்கும்.

பொகவந்தலாவை வாசகர்: பனிமூட்டமான காலைகளில் மட்டும் வாகனம் குலுங்குகிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது.

ஈரம் பட்டால் வரும் கோளாறு பெரும்பாலும் மின்பொறிப் பக்கத்தில்தான் இருக்கும். இரவில் பொனட்டைத் திறந்து, பிளக் வயர்கள் மீது தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். வெடித்த வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் தொடாதீர்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின் உட்புறத்தில் மயிரிழைபோல் கரிக்கோடு இருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள். எந்த சிலிண்டர் என்றறிய, ஐட்லிங்கில், பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை.

பண்டாரவளை வாசகர்: பெட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஐட்லிங் கெட்டுவிட்டது.

கம்பியூட்டர் கற்றுவைத்திருந்ததை மறந்துவிட்டது. நன்றாகச் சூடாகும்வரை ஏசி, லைட் எதுவும் போடாமல் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு ஏசியுடன் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டியும் சீராகாவிட்டால் முதற்பதிலில் சொன்ன கரியைத் தேடுங்கள்.