பீட்சா உணவகம் ஒன்றில் உணவும் சேவையும் உங்களை ஏமாற்றியதுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

உண்டு. "சாப்பாடு சுமார், சர்வீஸ் மோசம்" என்று இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுவது நம் வழக்கம். பீட்சாவைப் பொறுத்தவரை அவற்றை அப்படிப் பிரிக்கவே முடியாது என்பதை அந்த உணவகத்தில்தான் நன்றாக உணர்ந்தேன். மாவும் அடுப்பும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அடுப்பிலிருந்து எடுத்த பீட்சா மேசைக்கு வரப் பத்து நிமிடம் தாமதித்தால், சமையற்காரரின் உழைப்பு அத்தனையும் வீண்.

காரணம் அந்த உணவின் இயல்பிலேயே இருக்கிறது. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் மரபுச் சிறப்பு உணவு என்ற தகுதியை வழங்கியபோது, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிகளையும் விரிவாகப் பதிவு செய்தது. விறகடுப்பின் தளம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். 60 முதல் 90 வினாடிகளுக்குள் பீட்சா வெந்துவிட வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்ததும், செய்த இடத்திலேயே உண்பது சிறந்தது என்பவை அவற்றுள் சில. இந்தக் கடைசி வரி ஓர் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று. கடும் வெப்பத்தில் குறுகிய நேரத்தில் வேகும் மாவின் உள்ளே ஈரம் தங்கியிருப்பதால்தான் அது மென்மையாக இருக்கிறது. அது காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஈரமும், தக்காளியின் சாறும், மொஸரெல்லா சீஸிலிருந்து கசியும் நீரும் அடிமாவில் இறங்கி அதை ஊற வைத்துவிடும். கல்லிலிருந்து நேரே இலைக்கு வராத தோசை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பீட்சாவின் நிலை அதைவிட மோசம்.

நான் குறிப்பிடும் உணவகம் சென்னையின் தென்பகுதியில் இருக்கிறது. அங்குள்ள ஆட்களும் நிர்வாகமும் மாறியிருக்கக்கூடும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆடம்பரமான இடம் அன்று. குழந்தைகளோடு வரும் குடும்பங்களும், கல்லூரி மாணவர்களும், அலுவலகம் முடிந்து வருபவர்களும் இயல்பாக உட்கார்ந்து சாப்பிடும் இடம். கூடத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி செங்கல் விறகடுப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். என் தந்தையின் பிறந்தநாளுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த அடுப்புதான் காரணம். முன்பதிவு செய்திருந்தும் மேசை கிடைக்கச் சற்று நேரமானது. வார இறுதி மாலை என்பதால் அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

ஆர்டர் எடுக்க வந்த இளைஞர் பணிவானவர். ஆனால் எங்கள் பக்கத்து மேசைகள் அத்தனையையும் அவர் ஒருவரே கவனித்துக்கொண்டிருந்தார். என் தாயார் சைவம். முட்டைகூட உண்ண மாட்டார். அவருக்காகத் தக்காளிப் பாஸ்தா ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்மேல் துருவிப் போடும் பார்மசான் சீஸ் எந்த வகை என்று கேட்டேன். இத்தாலியிலிருந்து வரும் அசலான பார்மசானான பார்மிஜானோ ரெஜ்ஜியானோவைச் செய்யும்போது, பாலை உறைய வைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரெனட் என்ற பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாவர வழியிலோ நுண்ணுயிர் வழியிலோ பெறும் ரெனட்டைக் கொண்டு செய்த சீஸும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. சீஸ் உறையைப் பார்த்தால் தெரிந்துவிடும் செய்திதான். அவர் உள்ளே போகாமலேயே, "எல்லாம் வெஜ்தாம்மா, கவலைப்படாதீங்க" என்று என் தாயாரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை; அந்தக் கேள்விக்கு விடை என்ன என்று அவருக்கு யாரும் ஒருநாளும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒருவர் வாழ்நாள் முழுவதும் காத்து வந்த உணவு நெறி, இப்படிப் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு சமாதானத்தை நம்பியிருக்கக் கூடாது. அன்று மாலை எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதுதான். சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பாஸ்தா சீஸோடுதான் வந்தது.

பீட்சாவுக்காகக் காத்திருந்தபோது நடந்ததை என் இருக்கையிலிருந்து முழுமையாகப் பார்க்க முடிந்தது. அடுப்புக்குப் பக்கத்து மேடையில் எங்கள் மார்கரீட்டா பீட்சா வந்து அமர்ந்தது. அதை எடுத்து வர யாரும் இல்லை. அதே மேடையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தன. வாசலில் இணையவழி ஆர்டர்களுக்காக டெலிவரி ஊழியர்கள் காத்து நின்றார்கள். பரிமாற வேண்டிய இருவர் பெட்டிகளுக்கு ரசீது ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் அடுப்பில் ஒரு நேரத்தில் சில பீட்சாக்களைத்தான் சுட முடியும். கைப்பேசி வழியே வரும் ஆர்டர்களுக்கு வரம்பே வைக்காமல், கூடத்தையும் நிரப்பிக்கொண்டால், யாராவது ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் தோற்பவர், எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்தான்.

தட்டு வந்ததும் ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். நுனி தொங்கி, மேலிருந்த சீஸ் முழுவதும் ஒரே படலமாக வழுக்கித் தட்டில் விழுந்தது. நடுவில் வெளிர்சிவப்பு நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல சூட்டில் வெந்த மாவில் இருக்க வேண்டிய கரும்புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. வெளிறிய மாவு நிறம்தான் இருந்தது. விளிம்போ காய்ந்த ரொட்டிபோல் உலர்ந்து கடினமாக இருந்தது. அடுப்பு போதிய சூடு ஏறாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும்; ஒன்றரை நிமிடத்தில் வேக வேண்டியது நான்கைந்து நிமிடம் உள்ளே கிடந்து, விளிம்பு காய்ந்துவிடும், நடுப்பகுதி வேகாது. அடுத்தடுத்துப் பீட்சாக்களை உள்ளே தள்ளும்போது தளத்தின் சூடு இறங்கும். விறகு சேர்த்து அது மீண்டும் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். மொஸரெல்லாவையும் நீர் வடியவிடாமல் போட்டிருந்தார்கள். விளிம்பைப் பிய்த்தபோது உள்ளே காற்றறைகள் இல்லாமல், மாவு நெருக்கமாக, பச்சை மாவின் வாசனையோடு இருந்தது. நேப்பிள்ஸ் முறையில் மாவு பல மணி நேரம் புளித்துப் பொங்க வேண்டும்; இது அவ்வளவு நேரம் பார்த்த மாவாகத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் என் தந்தை கேட்ட பீட்சா வரவே இல்லை. "நீங்க சாப்பிடுங்கப்பா, ஆறிடும்" என்று எங்களை வற்புறுத்திக்கொண்டு, தண்ணீர் குடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அனைவரும் முடித்த பிறகு அவருடைய தட்டு வந்தது. யார் பிறந்தநாளோ அவர் தனியாகச் சாப்பிட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க நேர்ந்தது. ஒரே மேசையின் உணவுகளை ஒரே நேரத்தில் கொண்டு வருவது எந்த உணவகத்துக்கும் அரிச்சுவடி.

மேலாளரை அழைத்துத் தட்டைக் காட்டினேன். "எங்க ஸ்டைலே சாஃப்ட்தான் சார்" என்றார். நேப்பிள்ஸ் பீட்சா மென்மையானது என்பது உண்மைதான். ஆனால் மென்மைக்கும் வேகாமைக்கும் உள்ள வேறுபாட்டை, அந்த அடுப்பை வைத்திருப்பவர் அறியாதிருக்க முடியாது. மாற்றித் தருவதாக அவர் சொல்லவில்லை. நாங்களும் இன்னொரு முறை காத்திருக்கும் மனநிலையில் இல்லை.

பிறகு ரசீது வந்தது. பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின்மேல் ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை என்பதால் சற்று விளக்குகிறேன். உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, உணவின் விலையோடு கூட்டி அந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. விதிக்கவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றன. 2025 மார்ச் 28 அன்று அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மனமுவந்து கொடுப்பது வாடிக்கையாளரின் விருப்பம், கட்டாயம் கிடையாது. ஜி.எஸ்.டி. அரசுக்குச் செல்லும் வரி. அதை மறுக்க முடியாது.

இதை அமைதியாகச் சொன்னேன். "அது ஸ்டாஃபுக்குப் போற காசு சார்" என்று மேலாளர் முதலில் தயங்கினார். ஊழியர்களுக்கு நியாயமான சம்பளம் தரும் பொறுப்பு உணவகத்தினுடையது என்றும், எங்களைக் கவனித்த இளைஞருக்கு நாங்களே நேரில் கொடுக்கிறோம் என்றும் சொன்னதும் கட்டணத்தை நீக்கிப் புதிய ரசீது தந்தார். அந்த இளைஞருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். இரண்டு ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் சுமத்தியதற்கு அவரைத் தண்டிப்பது முறையாகாது.

மறுநாள் உணவகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். திட்டி எழுதவில்லை, இணையவழி ஆர்டர்களுக்கு வார இறுதியில் வரம்பு வையுங்கள், சீஸின் ரெனட் விவரத்தை மெனுவில் அச்சிடுங்கள், மேடையிலிருந்து தட்டு எடுப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள் என்று மூன்று செய்திகளை மட்டும் குறிப்பிட்டேன். அடுத்த வருகைக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று பதிலாக வந்தது. நான் எழுதிய எதற்கும் அதில் விடை இல்லாததால் அதைப் பயன்படுத்தவில்லை.

இதே நிலை உங்களுக்கு நேர்ந்தால், பாதி சாப்பிட்ட பிறகு சொல்வதைவிட முதல் துண்டிலேயே அழைத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். வேகாத மாவை மறுக்க அப்போது யாராலும் இயலாது. சேவைக் கட்டணத்தை நீக்க மறுத்தால் ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம்.