கேளுங்க சொல்றேன்: பீப் சத்தத்தை ஆஃப் பண்ணிட்டா டிஸ்க் பொழைச்சுக்குமா?

கேள்வி: வணக்கம் சார், கும்பகோணம் பக்கத்துல கல்யாண போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். நாலு டிஸ்க் போட்டு, நெட்வொர்க்ல இருக்கற எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவா ஃபைல் வைக்கற நாஸ் பெட்டி, ஒவ்வொண்ணும் 4 டிபி, ரெய்டு 5. வைகாசி சீசன்ல ஒருநாள் பெட்டி பீப் பீப்னு கத்துச்சு, எடிட்டிங் பண்ற தம்பி செட்டிங்ஸ்ல போய் சத்தத்தை ஆஃப் பண்ணிட்டான், ஃபைல் எல்லாம் எப்பவும் போல ஓபன் ஆச்சு, நானும் விட்டுட்டேன். போன வாரம் கரண்ட் விட்டு விட்டு வந்துச்சு, அதுக்கப்புறம் வால்யூம் கிராஷ் ஆயிடுச்சுன்னு காட்டுது, ஒரு ஃபோல்டர் கூட தெரியல. 1, 3 ரெண்டு டிஸ்க்லயும் சிவப்பு லைட். சர்வீஸ் கடைக்காரர் "இனிஷியலைஸ் பண்ணிப் பாப்போம், இல்லன்னா ஒவ்வொரு டிஸ்க்கா கழட்டி ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம்"ங்கறார். 7 டிபி டேட்டா, இன்னும் ஆல்பம் குடுக்காத கல்யாணமே பதினொண்ணு இருக்கு. தப்பிக்க வழி இருக்கா சார்?
— ஸ்டுடியோக்காரர், கும்பகோணம்

பதில்: இனிஷியலைஸ், அதாவது டிஸ்க்கைத் துடைச்சுப் புதுசா ஆரம்பிக்கற பட்டனை இன்னும் அமுக்கலைன்னா வழி இருக்கு, நல்லாவே இருக்கு. இப்ப பெட்டியை ஆஃப் பண்ணி வயரைப் பிடுங்கி வைங்க. ஸ்க்ரீன்ல வர்ற ரிப்பேர், ரீபில்ட், இனிஷியலைஸ் எதையும் தொடவேண்டாம். இந்த மாதிரி கேஸ்ல டேட்டா போறது பெரும்பாலும் டிஸ்க் செத்ததால இல்ல, அதுக்கப்புறம் நாம பதட்டத்துல பண்ற வைத்தியத்தாலதான்.

ரெய்டுன்னா பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணா ஓட்டற முறை, அதுல ரெய்டு 5 என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாதான் அடுத்தது புரியும். மூணு பேரு சீட்டுப் பணம் கட்றாங்கன்னு வைங்க, ஒருத்தர் 7, ஒருத்தர் 5, ஒருத்தர் 9, நாலாவது நோட்டுல மொத்தம் 21ன்னு எழுதியிருக்கு. ஒரு நோட்டு தொலைஞ்சா 21ல மத்த ரெண்டையும் கழிச்சு கண்டுபிடிச்சுடலாம். ரெண்டு நோட்டு தொலைஞ்சா முடியாது. நெசத்துல நடக்கறது கூட்டல் இல்ல, எக்ஸ்ஆர்னு ஒரு பிட் கணக்கு, அந்த மொத்தமும் ஒரே டிஸ்க்ல இல்லாம நாலுலயும் மாறி மாறி உக்காந்திருக்கும், ஆனா கதை இதுதான். அதனாலதான் 16 டிபி டிஸ்க் போட்டும் உங்களுக்கு 12 டிபிதான் கிடைச்சுது.

இப்ப உங்க கேஸ். வைகாசியிலயே ஒரு டிஸ்க் விழுந்துடுச்சு, பீப் அதுக்குத்தான். அன்னிலேருந்து பெட்டி மத்த மூணை வச்சு கணக்குப் போட்டுப் போட்டு ஃபைல் குடுத்துட்டு இருந்துச்சு, உங்களுக்கு ஒண்ணும் தெரியல. போன வாரம் கரண்ட் ஆட்டத்துல இன்னொண்ணும் கழண்டுது. ஆனா இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு: கரண்ட் போய் கழண்ட டிஸ்க் நெசமாவே செத்திருக்கணும்னு அவசியமில்ல, பதில் சொல்ல கொஞ்சம் லேட் ஆனாலே பெட்டி அதை வெளிய தள்ளிடும். அதுல இருக்கற டேட்டா போன வாரம் வரைக்கும் ஃப்ரெஷ். வைகாசியில விழுந்ததுல இருக்கறது வைகாசி டேட்டா. ஆக உங்களுக்கு வேணும்கறது 2, 4, அப்புறம் இந்த 1, 3ல எது *கடைசியா* விழுந்துச்சோ அது. இந்த மூணு இருந்தா கணக்கு முழுசா வந்துடும். பழசைச் சேர்த்தீங்கன்னா மணமேடையில மாப்பிள்ளை தலையும் பந்தியில பாயச வாளியும் ஒரே படத்துல கலந்து வரும், விளையாட்டுக்குச் சொல்லல, அப்படித்தான் கந்தலாகும்.

எது கடைசின்னு எப்படித் தெரியும்? பெரும்பாலான வீட்டு, ஆபீஸ் நாஸ் உள்ளுக்குள்ள லினக்ஸ்தான், ரெய்டைப் பாத்துக்கறது எம்டிஅட்மின்னு ஒரு ப்ரோக்ராம் (கமாண்டைத் தமிழ்ல எழுதுனா நீங்க அப்படியே டைப் பண்ண முடியாது, அதனால பேரை மட்டும் சொல்றேன், லினக்ஸ் தெரிஞ்ச ஆளுக்கு இது போதும்). அதுல எக்ஸாமின்னு ஒரு ஆப்ஷன், டிஸ்க்கைத் தொடாம படிச்சு மட்டும் காட்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் கடைசியா எப்ப அப்டேட் ஆச்சு, ஈவென்ட் கவுண்ட் (மாற்றம் எத்தனை தடவை பதிவாச்சுங்கற எண்ணிக்கை) எவ்வளவுன்னு வரும். மூணுல அந்த நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், ஒண்ணுல மட்டும் ரொம்பப் பின்தங்கி நிக்கும். அந்தப் பின்தங்குனதுதான் வைகாசி டிஸ்க், அதைத் தனியா எடுத்து வைங்க, தூக்கிப் போடாதீங்க.

இதைப் பாக்க டிஸ்க்கைக் கழட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மாட்டணும், கழட்டறதுக்கு முன்னாடி மார்க்கர் எடுத்து ஒவ்வொண்ணு மேலயும் 1, 2, 3, 4ன்னு எழுதி போட்டோ எடுத்து வச்சுக்குங்க, போட்டோக்காரருக்கு நான் சொல்லணுமா.

அடுத்தது முக்கியம், ஒரிஜினல் டிஸ்க்ல எந்த வேலையும் செய்யக்கூடாது. தேவையான மூணையும் மொதல்ல முழுசா காப்பி எடுக்கணும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல் இருக்கு, சாதாரண காப்பி மாதிரி இல்லாம படிக்க வர்ற இடத்தையெல்லாம் மொதல்ல வேகமா அள்ளிடும், அடம்பிடிக்கற இடத்தைத் தாண்டிப் போயிட்டு கடைசியில திரும்ப வந்து முயற்சி பண்ணும், எதுவரை வந்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வச்சுக்கறதால நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேருந்து தொடரலாம். நல்ல டிஸ்க்னா நொடிக்கு 150 எம்பி வேகத்துல 4 டிபிக்கு ஏழு ஏழரை மணி நேரம், அடிபட்டதுன்னா நாள் கணக்கு. புதுசா மூணு டிஸ்க் வாங்கணும்னு இல்ல, ஒரே 16 டிபி டிஸ்க்ல மூணு இமேஜ் ஃபைலா (ஒரு டிஸ்க்கோட அச்சு அசல் நகல் ஒரே ஃபைலா) போட்டுக்கலாம், எடுத்த டேட்டாவை வைக்க 8 டிபி தனியா ஒண்ணு.

அப்புறம் அந்த இமேஜ்களை வச்சு ரெய்டை அசெம்பிள் பண்ணணும், ஃபோர்ஸ் ஆப்ஷனோட. அசெம்பிள் ஃபோர்ஸ்னா ஏற்கனவே இருக்கற ரெய்டைச் சேர்க்கறது, கிரியேட்னா புதுசா ஒண்ணு உண்டாக்கறது, ரெண்டும் வேற. கூகுள்ல தேடுனா யாராவது கிரியேட் போடுங்கன்னு எழுதியிருப்பாங்க, டிஸ்க் வரிசை மாறுனாலோ அளவு ஒண்ணு தப்பினாலோ அதோட சரி. மவுண்ட் பண்ணும்போதும், அதாவது ஃபோல்டர் தெரியற மாதிரி திறக்கும்போதும், ஒரு பொறி இருக்கு: ஃபைல் சிஸ்டம் (ஃபைலை டிஸ்க்ல அடுக்கற முறை) இஎக்ஸ்டி4ன்னா ரீட் ஒன்லின்னு சொன்னாலும் அது ஜர்னலை (பாதியில நின்ன எழுத்து வேலைகளோட குறிப்பை) ரீப்ளே பண்ணி டிஸ்க்ல எழுதிடும், நோலோட் ஆப்ஷனும் சேத்துக் குடுக்கணும். காப்பியில வேலை செய்யறதோட அருமை இங்கதான் தெரியும், சொதப்புனா இமேஜை மறுபடி எடுத்துக்கலாம்.

கடைக்காரர் சொன்ன ரெண்டாவது யோசனைக்கு வர்றேன். ஒவ்வொரு டிஸ்க்கா சாஃப்ட்வேர் போட்டா எதுவும் கிடைக்காதுன்னு இல்ல, குட்டிக் குட்டியா தம்ப்நெயில் நிறைய வரும், அதைப் பாத்து சந்தோஷமும் படுவீங்க. பெரிய படம் ஒண்ணு கூட முழுசா வராது. ரெய்டு ஃபைலைத் துண்டு போட்டு எல்லா டிஸ்க்லயும் பரப்பியிருக்கு, துண்டு 64 கேபின்னா 25 எம்பி கேமரா ரா ஃபைல் ஒண்ணு 400 துண்டு. தாலி கட்டற ஷாட்டோட கால்வாசியை மட்டும் வச்சுக்கிட்டு பொண்ணு வீட்ல என்ன சொல்லுவீங்க?

இவ்வளவும் டிஸ்க் சத்தமில்லாம ஓடுனா மட்டும். டிக் டிக்னு அடிச்சுதுன்னா, இல்ல சுத்தவே மாட்டேங்குதுன்னா, ஒரு நிமிஷம் கூட கரண்ட் குடுக்காதீங்க, ஹெட்டு உள்ள தட்டுல உரசற ஒவ்வொரு சுத்துக்கும் டேட்டா பொடியாகுது. அப்ப க்ளீன் ரூம் வச்சிருக்கற ரெக்கவரி ஆளுங்கதான். ஃப்ரீசர்ல வச்சு எடுக்கறது, அதே மாடல் போர்டை மாத்திப் போடறது, இதெல்லாம் வேண்டாம். இப்ப வர்ற டிஸ்க்ல போர்டுல இருக்கற சின்ன சிப்புல அந்த டிஸ்க்குக்கு மட்டும் உண்டான அளவுகள் இருக்கும், அதை மாத்தாம வெறும் போர்டை மாத்துனா வேலை செய்யாது. ரெக்கவரி கம்பெனிக்குக் குடுக்கறதுன்னா ரெண்டே கேள்வி கேளுங்க: மொதல்ல இமேஜ் எடுத்துட்டுத்தான் வேலை பண்ணுவீங்களா, காசு வாங்கறதுக்கு முன்னாடி ஃபைல் லிஸ்ட் காட்டுவீங்களா. ரெண்டுக்கும் நேரா பதில் வரலைன்னா டிஸ்க்கை எடுத்துட்டு வந்துடுங்க. நாலையும் குடுங்க, செத்ததுன்னு ஒண்ணை வீட்ல வைக்காதீங்க.

கேள்வி: ரெண்டு டிஸ்க் நாஸ், ரெய்டு 1. பெட்டியே செத்துடுச்சு, டிஸ்க் ரெண்டும் நல்லா இருக்கு. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டுனா ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. டேட்டா போயிடுச்சா?
— வாசகி, திருப்பூர்

பதில்: போகல. விண்டோஸுக்கு அந்தப் பாஷை தெரியாது, அவ்வளவுதான். கேன்சல் குடுங்க, எத்தனை தடவை கேட்டாலும். உபுண்டுவை ஒரு பென் டிரைவ்ல போட்டு அதுலேருந்து பூட் பண்ணி, ஒரே ஒரு டிஸ்க்கை மாட்டுங்க. ரெய்டு 1ல ரெண்டும் ஜெராக்ஸ் காப்பி மாதிரி, ஒண்ணு போதும், இன்னொண்ணு அலமாரியில பத்திரமா இருக்கட்டும். ரெய்டுக்கு மேல எல்விஎம்னு இன்னொரு அடுக்கு இருந்தா அதையும் ஆக்டிவேட் பண்ணணும், அப்புறம் ஃபோல்டர் தெரியும். டேட்டாவை என்கிரிப்ட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா கீ ஃபைல் இல்லாம ஒண்ணும் நடக்காது, அதை அந்த நாஸ்குள்ளயே சேவ் பண்ணி வச்சவங்களை நான் பாத்திருக்கேன்.

கேள்வி: நாஸ்ல ஒரு ஃபோல்டரை லேப்டாப்லேருந்து டெலிட் பண்ணிட்டேன், ரீசைக்கிள் பின்ல காணோம் அண்ணா!
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நெட்வொர்க் டிரைவ்ல டெலிட் பண்ணது உங்க லேப்டாப் ரீசைக்கிள் பின்னுக்கு வராது தம்பி, தேடி பிரயோஜனம் இல்ல. நாஸ்ல அந்த ஷேர் ஃபோல்டருக்குள்ளயே ரீசைக்கிள்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க, அட்மின் லாகின்ல போய்ப் பாருங்க, சில பெட்டியில அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். இல்லையா, ஸ்னாப்ஷாட் (ஃபோல்டர் ஒரு நேரத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே பெட்டி பிடிச்சு வைக்கற வசதி) ஆன்ல இருந்துச்சான்னு பாருங்க. ரெண்டும் இல்லன்னா உடனே அந்தப் பெட்டியில எழுதறதை நிறுத்துங்க, சிசிடிவி ரெக்கார்டிங் அதுல ஓடுதுன்னா மொதல்ல அதை. அழிச்ச இடத்துல மேல எழுதுனா யாராலயும் முடியாது.

கேள்வி: ரெய்டு 6 போட்டுட்டா பேக்கப் தேவையில்லைன்னு கடையில சொல்றாங்க, சரியா?
— கணக்கர், ஈரோடு

பதில்: ரெய்டு 6ல ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், அது உண்மை. பெரிய டிஸ்க்குன்னா ரெய்டு 5ஐ விட அதைத்தான் நானும் சொல்லுவேன், ஏன்னா ஒரு டிஸ்க் போய் ரீபில்ட் (போன டிஸ்க்கோட டேட்டாவைப் புது டிஸ்க்ல திரும்பக் கட்டறது) ஓடும்போது மிச்ச டிஸ்க்கெல்லாம் ஒரு மூலை விடாம படிக்கப்படுது, அதுவும் எல்லாம் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்குன டிஸ்க், ஒரே வயசு, அந்த நேரம் பாத்து இன்னொண்ணும் விழலாம். ஆனா தப்பா டெலிட் பண்ணா ரெய்டு 6 அதையும் ரொம்ப பொறுப்பா எல்லா டிஸ்க்லயும் டெலிட் பண்ணும். 2021 ஏப்ரல்ல க்யூலாக்கர்ங்கற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற வைரஸ்) க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளுக்குள்ள புகுந்து ஃபைலையெல்லாம் பாஸ்வேர்டு போட்ட 7ஜிப்பா மாத்துச்சு, அதே வருஷம் ஜூன்ல இன்டர்நெட்ல இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் பெட்டிகளை வெளியிலேருந்து யாரோ ஃபேக்டரி ரீசெட் பண்ணி காலி பண்ணாங்க. இதுல எந்த ரெய்டு என்ன செய்யும்? மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வேற ஊர்ல இல்ல வேற கட்டடத்துலங்கற 3-2-1 கணக்கைப் பரப்புனது பீட்டர் க்ரோங்கற அமெரிக்க போட்டோகிராஃபர்தான், கம்ப்யூட்டர்காரர் இல்ல, மேல எழுதியிருக்கற கும்பகோணத்துக்காரர் கவனிக்க. யூபிஎஸ் வாங்குனா யூஎஸ்பி வயரை நாஸ்ல சொருகுங்க, பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி அதுவே ஒழுங்கா ஷட் டவுன் ஆகிக்கும், பாதிப் பேரு யூபிஎஸ் வாங்கிட்டு அந்த வயரை டப்பாவுலயே வச்சிருக்காங்க.

கேள்வி: எங்க ஆபீஸ் நாஸும் ரெண்டு நாளா பீப் அடிக்குது. நாலாவது டிஸ்க் ஃபெயில்னு காட்டுது. நானே மாத்தலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: மாத்தலாம், ஆனா இன்னிக்கே முக்கியமான ஃபோல்டரை வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு மாத்துங்க, ரீபில்ட் நடுவுல இன்னொண்ணு விழுந்தா உங்க கடிதமும் மேல இருக்கற மாதிரிதான் வரும். புது டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா (எழுதற தடங்கள் ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும்) சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியா இருக்கும்) ன்னு பாத்து சிஎம்ஆர் வாங்குங்க. 2020ல நாஸுக்குன்னே வித்த சில ரெட் மாடல் எஸ்எம்ஆர்னு வெஸ்டர்ன் டிஜிட்டலே ஒத்துக்கிட்டாங்க, ரீபில்ட்ல அது ஆமை மாதிரி நகரும். அப்புறம் நாலாவதுன்னா இடப்பக்கத்துலேருந்தா வலப்பக்கத்துலேருந்தான்னு ஊகிக்காதீங்க. ஒரு தடவை நண்பர் ஆபீஸ்ல எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஓடுற நல்ல டிஸ்க்கை உருவினவன் நான், ரெண்டு டிஸ்க் போன மாதிரி ஆகி அன்னிக்கு ராத்திரி முழுக்க அங்கதான் இருந்தேன். ஸ்க்ரீன்ல ஃபெயில் ஆனதோட சீரியல் நம்பர் வரும், கடைசி நாலு எழுத்தைத் துண்டுச் சீட்டுல எழுதிக்குங்க. பெட்டியை ஷட் டவுன் பண்ணி டிஸ்க்கை உருவி ஸ்டிக்கர்ல அதே நாலு எழுத்து இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அதே இடத்துல திரும்ப சொருகிட்டு அடுத்ததைப் பாருங்க.