ஒரே குடலில் பல வகைப் புழுக்கள் எப்படி இடம் பிடிக்கின்றன?

ஒட்டுண்ணிப் புழு என்றால் இன்னொரு உயிரின் உடம்புக்குள் தங்கி, அதன் சாப்பாட்டிலோ ரத்தத்திலோ பிழைப்பது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறோம் அல்லவா? கடல் ஒன்றுதான், மீனும் அதே மீன். நாம் நாளைப் பிரிக்கிறோம், புழுக்கள் இடத்தைப் பிரிக்கின்றன.

தேவிபட்டினம் பக்கம் கருவேலங்காட்டில் மேயும் ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்காவது இரைப்பையில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி ரத்தம் குடிக்கும் புழு, சிறுகுடலில் நாடாப்புழு, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சாட்டைப்புழு.

ஏன் இப்படி? உணவு ஒரு முக்கியக் காரணம். 1961-இல் ஹோம்ஸ் என்பவர் எலிகளில் சோதித்தார். நாடாப்புழுவும் முள்தலைப் புழுவும் தனித்தனியாக இருந்தால் இரண்டுமே சிறுகுடலின் முன்பகுதியைத்தான் விரும்பும், சர்க்கரைச் சத்து அங்கேதான் அதிகம். இரண்டுக்கும் வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தோல் வழியாகவே உறிஞ்சும். சேர்த்து விட்டபோது நாடாப்புழு பின்னால் நகர்ந்துவிட்டது. பாவம், ஆளும் சிறுத்துப்போனது! ஒரே இனம் கூட்டமாக இருந்தாலும் இதே கதைதான்: எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றும் குட்டையாகும், முட்டையும் குறையும்.

சரி, "ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தானே ஒழிந்துவிடும், ஆட்டுக்குப் பூச்சி மருந்து எதற்கு" என்று சிலர் சொல்வதுண்டு. அது தப்பு, பெரும்பாலும் அவை இடம் மாறுமே தவிர ஆட்டை விட்டுப் போகாது.